பிரதேச வேறுபாடும் தேர்தல் முறையும்: இலங்கை அனுபவம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தேர்தல் முறை என்பது வாக்குகளை ஆசனங்களாக மாற்றும் ஒரு கணித ஒழுங்கு என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. இதனாற்போலும், எம் நாட்டில் இது பற்றி எழும் விவாதங்கள் பெரும்பாலும் இரு சூத்திரங்களைச் சுற்றியே அமைந்துவிடுகின்றன. தொகுதி வாரியாகக் கூடிய வாக்குப் பெற்றவரைத் தெரிவு செய்யும் பழைய முறை பெரும்பான்மையினருக்கு உகந்தது என்றும், விகிதாசாரப் பிரதிநிதித்துவம் சிறுபான்மையினருக்கு உகந்தது என்றும் ஒரு முடிபு பாடநூல்களிலும் மேடைகளிலும் நிலைபெற்றுவிட்டது. இம்முடிபு எத்துணைப் பொருத்தமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரதேச வேறுபாடு மிக்க ஒரு நாட்டிலே எந்தச் சூத்திரத்தினால் வகுப்பது என்பதற்கு முன்னர் விடை காணவேண்டிய வினாக்கள் இரண்டு உள. ஆசனங்கள் எதனை அளவாகக் கொண்டு பங்கிடப்படுகின்றன என்பது ஒன்று. எந்த எல்லைக்குள் வாக்குகள் எண்ணப்படுகின்றன என்பது மற்றொன்று. நிலப்பரப்பா, குடிசனத் தொகையா, வாக்காளர் தொகையா அளவு? தொகுதியா, மாவட்டமா, நாடு முழுவதுமா எல்லை? கடந்த எட்டுத் தசாப்த கால இலங்கை வரலாற்றை நோக்குமிடத்து, சூத்திரத்தை மாற்றியமையால் விளைந்த பேறுகளைவிட, அளவும் எல்லையும் மாறியமையால் விளைந்தனவே பாரதூரமானவை என்பது புலனாகும்.

திரண்டு வாழ்தலும் சிதறி வாழ்தலும்

சிறுபான்மையினர் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் சமூகங்கள் நிலப்படத்தில் ஒரே விதமாக அமைந்தவையல்ல. வட மாகாணத் தமிழர் ஒரு நிலப்பரப்பில் திரண்டு வாழ்பவர்கள். முஸ்லிம்களோ கிழக்கில் ஓரளவு திரண்டும், ஏனைய மாகாணங்களிற் பரவலாகச் சிதறியும் வாழ்கின்றனர். அவர்களுட் பெரும்பாலார் வடக்குக் கிழக்குக்கு வெளியிலேயே வாழ்பவர்கள். மலையகத் தமிழர் நுவரெலியா மாவட்டத்திற் செறிந்தும், பதுளை, கண்டி, இரத்தினபுரி, கேகாலை முதலிய மாவட்டங்களில் ஐதாகவும் வாழ்கின்றனர். ஒரே தேர்தல் முறை இம்மூன்று சமூகங்களுக்கும் மூன்று விதமான பயனைத் தருவது இயல்பே.

1970, 1977 ஆகிய இரு பொதுத் தேர்தல்களும் இதற்குத் தக்க சான்றுகளாகும். 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 வீத வாக்குகளைப் பெற்றும் 17 ஆசனங்களையே பெற்றது. அதனிலும் சிறிது குறைவாக 36.9 வீத வாக்குகளைப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனங்கள் கிடைத்தன. பின்னது தன் தோழமைக் கட்சிகளோடு உடன்பாடு செய்து குறைந்த தொகுதிகளிற் போட்டியிட்டமை கருத்திற் கொள்ளத்தக்கதாயினும், விளைவின் ஏற்றத்தாழ்வு வெளிப்படை. அதே தேர்தலில் ஏறத்தாழ 4.9 வீத வாக்குகளைப் பெற்ற தமிழரசுக் கட்சி 13 ஆசனங்களைப் பெற்றது. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு விகிதாசாரப்படி பங்கிட்டிருப்பின், 151 ஆசனங்களுள் அக்கட்சிக்கு ஏழு மட்டுமே உரியதாயிருக்கும்.

1977 இல் இந்நிலை மேலும் துலக்கமாயிற்று. 29.7 வீத வாக்குகளைப் பெற்ற சுதந்திரக் கட்சி 8 ஆசனங்களோடு ஒடுங்க, 7 வீதத்திற்கும் குறைவான வாக்குகளைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. அதன் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். இது இலங்கைக்கு மட்டும் உரிய விசித்திரம் அன்று. 1993 இல் கனடாவில் 16 வீத வாக்குகளைப் பெற்ற முற்போக்குப் பழமைவாதக் கட்சி இரண்டு ஆசனங்களைப் பெற, கியூபெக் மாகாணத்தில் மட்டும் போட்டியிட்டு 13.5 வீத வாக்குகளைப் பெற்ற கியூபெக் கட்சி 54 ஆசனங்களோடு உத்தியோகபூர்வ எதிர்க்கட்சியாயிற்று. தொகுதி முறையானது நாடெங்கும் பரந்து கிடக்கும் வாக்கைத் தண்டித்து, ஓரிடத்திற் குவிந்த வாக்கைப் போற்றுகின்றது என்பதே இவற்றாற் பெறப்படும் விதி.

ஆகவே தொகுதி முறை சிறுபான்மையினருக்குப் பாதகமானது என்ற பொதுக்கூற்று, திரண்டு வாழும் சமூகத்தைப் பொறுத்தவரை பிழையாகின்றது. சிதறி வாழும் சமூகத்தைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மையே. 1977 வரை முஸ்லிம் உறுப்பினர்கள் பெரும்பாலும் இரு பெருங் கட்சிகளின் வழியாகவே பாராளுமன்றம் சென்றனர். தனிக் கட்சி அமைப்பதற்கு நிலப்படம் அவர்களுக்கு இடந்தரவில்லை.

சோல்பரித் திட்டமும் அதன் முரண்பாடும்

1931 இல் டொனமூர் அரசியலமைப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்துச் சர்வசன வாக்குரிமையை வழங்கியதன் பின்னர், பிரதேசமே பிரதிநிதித்துவத்தின் அடிப்படை ஆயிற்று. இம்மாற்றத்துக்கு எதிராக எழுந்த ஐம்பதுக்கைம்பது கோரிக்கையைச் சோல்பரி ஆணைக்குழு ஏற்கவில்லை. எனினும் எண்ணிக்கை ஒன்றையே அளவாகக் கொள்வதன் தீங்கை அது உணர்ந்திருந்தது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்ற நிலப்பரப்பு அளவும் சேர்க்கப்பட்டது. இவ்வாறு அமைந்த 95 ஆசனங்களுள் 25 நிலப்பரப்புக்காக வழங்கப்பட்டவை. அவற்றுள் வட மாகாணத்துக்கு நான்கும் கிழக்கு மாகாணத்துக்கு நான்கும் கிடைத்தன. மேல் மாகாணத்துக்கு ஒன்று மட்டுமே கிடைத்தது.

இவ்வேற்பாடு சிறுபான்மைக் காப்பு எனப் புகழப்படுவதுண்டு. எனினும் நிலத்துக்கு இனம் இல்லை. வட மத்திய மாகாணமும் அதே கணக்கில் நான்கு ஆசனங்களைப் பெற்றது. ஊவாவும் வட மேல் மாகாணமும் மும்மூன்று பெற்றன. அடர்த்தி குறைந்த பிரதேசத்துக்கு அளிக்கப்பட்ட சலுகையானது, அப்பிரதேசத்தில் யார் வாழ்கின்றனரோ அவர்களைச் சென்றடையும் சலுகையாகும். பின்னர் அங்கு யார் குடியேறுகின்றனரோ அவர்களையும் அது சென்றடையும். கல்லோயாத் திட்டத்தின் பின் 1959 இன் எல்லை நிர்ணயத்தில் அம்பாறைத் தொகுதியும், 1976 இல் சேருவில தொகுதியும் கிழக்கில் உருவானமை இவ்விடத்து நினைவு கூரத்தக்கது. குடியேற்றக் கொள்கையும் தேர்தல் முறையும் தனித்தனியே ஆராயப்படுவதனால் எம் ஆய்வாளர் பலர் தவறவிட்ட தொடர்பு இதுவாகும்.

சோல்பரித் திட்டத்தின் மற்றோர் ஏற்பாடு பல்லங்கத்தவர் தொகுதி. 1947 இல் மூன்று உறுப்பினரைக் கொண்டிருந்த கொழும்பு மத்திய தொகுதியிலிருந்து ஏ. ஈ. குணசிங்க, ரி. பி. ஜாயா, பீற்றர் கெனமன் ஆகிய மூவர் தெரிவாகினர். ஒருவர் சிங்களவர், ஒருவர் மலாய் முஸ்லிம், ஒருவர் பறங்கியர். சிதறி வாழ்வோருக்கும் கலந்து வாழ்வோருக்கும் இவ்வகைத் தொகுதி எத்துணைப் பயன்தரும் என்பதை 1977 மீண்டும் மெய்ப்பித்தது. மட்டக்களப்பு, பொத்துவில் ஆகிய இரட்டை அங்கத்தவர் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் தெரிவாகினர். மூன்று உறுப்பினரைக் கொண்ட நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் எஸ். தொண்டமான் மூன்றாமவராக வெற்றி பெற்றார். 1947 இன் பின் மலையகத் தமிழர் ஒருவர் பொதுத் தேர்தலில் தமது சமூகத்தின் அமைப்பின் பெயரால் வென்றது அதுவே முதன்முறை.

இடைப்பட்ட முப்பதாண்டுகளில் நிகழ்ந்தது யாது? 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் மொத்தச் சனத்தொகையில் 11.7 வீதத்தினர். 1948, 1949 ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்களும் 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களுட் பெரும்பாலாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. ஆனால் ஆசனங்கள் குடிசனத் தொகையை அளவாகக் கொண்டு முன்னரே வகுக்கப்பட்டிருந்தமையால், மலைநாட்டுத் தொகுதிகள் குறையவில்லை. தோட்டத் தொழிலாளர் தலையெண்ணும்போது மனிதராகக் கணிக்கப்பட்டனர், வாக்கெண்ணும்போது இல்லாதவராயினர். அவர்களின் பெயரால் அமைந்த ஆசனங்களை அப்பிரதேசத்தின் ஏனைய வாக்காளர் நிரப்பினர். 1952 இலும் 1956 இலும் நடந்த தேர்தல்கள் இவ்வடிப்படையிலேயே நடைபெற்றன. இங்குச் சூத்திரம் சிறிதும் மாற்றப்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அளவுக்கும் வாக்குக்கும் இடையே இருந்த தொடர்பு அறுக்கப்பட்டது. ஒரு சமூகம் பாராளுமன்றத்திலிருந்து மறைந்தது.

1978 இன் மாற்றம்

1970, 1977 தேர்தல்களின் ஏற்றத்தாழ்வைக் காட்டியே 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியது. இன்றைய அமைப்பில் 225 ஆசனங்கள் உள்ளன. இவற்றுள் 160 பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகைப்படி 22 தேர்தல் மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுகின்றன. 36 ஆசனங்கள் மாகாணம் ஒன்றுக்கு நான்கு என வழங்கப்படுகின்றன. 29 தேசியப் பட்டியலுக்கு உரியவை. மாகாணத்துக்கு நான்கு என்ற ஏற்பாடு சோல்பரியின் நிலப்பரப்புச் சலுகையின் எச்சம் எனலாம்.

இம்முறையினால் சிதறி வாழ்வோர் நன்மை பெற்றனர் என்பதை மறுத்தற்கியலாது. முதலில் எட்டிலொரு பங்காக இருந்த வெட்டுப்புள்ளி 1988 இன் பதினைந்தாம் திருத்தத்தால் இருபதிலொரு பங்காகக் குறைக்கப்பட்டது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் போன்ற கட்சிகளின் வளர்ச்சிக்கு இக்குறைப்பு வழி திறந்தது. கொழும்பு, கண்டி, பதுளை மாவட்டங்களிலிருந்தும் தமிழ் உறுப்பினர் தெரிவாகும் வாய்ப்பு உண்டாயிற்று. வாக்கு வீதத்தில் ஏழரைப் புள்ளிகள் குறைந்தமை, தேர்தல் முறையையே மாற்றியதற்கு ஒப்பான விளைவைத் தந்தது என்பது எமது வாதத்துக்கு அரண் செய்வதாகும்.

ஆயின் திரண்டு வாழ்ந்தோர் நிலை யாது? யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய இம்மாவட்டத்தின் நிலப்பகுதி 1977 இல் 11 தொகுதிகளைக் கொண்டிருந்தது. 1989 இலும் அதற்கு 11 ஆசனங்கள் கிடைத்தன. 2004 இல் 9, 2015 இல் 7, 2024 இல் 6 என அது தேய்ந்து வந்துள்ளது. போரினாலும் இடப்பெயர்வினாலும் புலம்பெயர்வினாலும் வாக்காளர் இடாப்பு சுருங்கியமையே இதற்குக் காரணம். நாட்டை விட்டகன்றோர் பெயரை இடாப்பில் வைத்திருத்தல் முறையாகாது என்ற வாதம் தருக்க நெறிப்படி சரியானதே. ஆனால் ஒரு பிரதேசம் இழந்த மக்களுக்காக அதே பிரதேசம் தன் குரலையும் இழத்தல் வேண்டுமா என்பது கணிதம் விடை தரக்கூடிய வினா அன்று. அயலிலுள்ள வன்னித் தேர்தல் மாவட்டம் யாழ்ப்பாணத்தின் வாக்காளர் தொகையில் ஏறத்தாழ அரைவாசியையே கொண்டிருந்தும் 2024 இல் ஆறு ஆசனங்களைப் பெற்றமை, மாகாணத்துக்குரிய நான்கு ஆசனங்கள் எவ்வாறு பகிரப்பட்டன என்பதன் விளைவாகும். அளவு மாறும்போது பிரதிநிதித்துவம் எவ்வாறு மாறுகின்றது என்பதற்கு ஒரே மாகாணத்துள் இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

மேலும், சிறிய மாவட்டத்தில் விகிதாசாரம் உண்மையான விகிதாசாரமாக இயங்குவதில்லை. 2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி ஏறத்தாழ நாலிலொரு பங்கு வாக்குகளைப் பெற்று ஆறு ஆசனங்களுள் மூன்றை வென்றது. ஆகக் கூடிய வாக்குப் பெற்ற கட்சிக்கு உரிய மேலதிக ஆசனம் ஒன்று; வெட்டுப்புள்ளியை எட்டாத கட்சிகளின் வாக்குகள் கணக்கிலிருந்து நீங்கியமை மற்றொன்று; ஏனைய வாக்குகள் பல தமிழ்க் கட்சிகளிடையும் சுயேச்சைக் குழுக்களிடையும் சிதறியமை பிறிதொன்று. இம்மூன்றும் சேர்ந்து அம்முடிவைத் தந்தன. அக்கட்சிக்கு மக்கள் மனமுவந்து அளித்த ஆதரவை இக்கூற்றுக் குறைத்து மதிப்பிடுவதாகாது. வாக்குக்கும் ஆசனத்துக்கும் உள்ள தூரத்தையே இது சுட்டுகின்றது. 2020 இல் திகாமடுல்ல மாவட்டத்தில் தமிழ் வாக்குகள் இரண்டாகப் பிளவுற, மாவட்டத்தின் வழியாகத் தமிழர் எவரும் தெரிவாகவில்லை. பின்னர் தேசியப் பட்டியல் மூலமே அவ்விடைவெளி நிரப்பப்பட்டது. பழைய முறையில் நிலப்பரப்புத் தந்த பாதுகாப்பைப் புதிய முறையில் அரசியல் ஒற்றுமையே தரவேண்டியதாயிற்று. ஒற்றுமை குலைந்தவிடத்துப் பாதுகாப்பும் குலைந்தது.

நாடு முழுவதும் ஒரே தொகுதி

எல்லை பற்றிய வினா தன் உச்சத்தை அடைவது சனாதிபதித் தேர்தலிலாகும். இங்கு நாடு முழுவதும் ஒரே தொகுதி. பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறுதல் வேண்டும் என்பது விதி. இதனால் எந்த வேட்பாளரும் சிறுபான்மையினரை நாடாது வெல்ல இயலாது என்று இம்முறையை ஆதரித்தோர் வாதிட்டனர். 2015 இல் மைத்திரிபால சிறிசேன 51.28 வீத வாக்குகளைப் பெற்று வென்றபோது இவ்வாதம் மெய்ப்பிக்கப்பட்டது போலத் தோன்றியது. வடக்குக் கிழக்கு வாக்குகள் இல்லையாயின் முடிவு மாறியிருக்கும். ஆனால் 2019 இல் வடக்குக் கிழக்கு மாவட்டங்களும் நுவரெலியாவும் எதிராக வாக்களித்திருக்க, கோட்டாபய ராஜபக்ஷ 52.25 வீத வாக்குகளோடு வெற்றி பெற்றார். சிறுபான்மையினரை நாடுதல் பயன் தரலாம் என்பதே இவ்விரு தேர்தல்களாலும் பெறப்படுவது. நாடியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இவ்விதியில் இல்லை.

இக்கட்டாயத்தை விதியிலேயே பொறிக்க முயன்ற நாடு நைஜீரியா. 1960களின் உள்நாட்டுப் போரின் கொடுமையை அனுபவித்த அந்நாடு, 1979 ஆம் ஆண்டு அரசியலமைப்பில், சனாதிபதியாகத் தெரிவாகுபவர் மொத்தத்திற் கூடிய வாக்குகளைப் பெறுவதோடு, மாநிலங்களுள் மூன்றில் இரண்டு பங்கினவற்றில் நாலிலொரு பங்கு வாக்குகளையேனும் பெறவேண்டும் என வகுத்தது. பத்தொன்பது மாநிலங்களின் மூன்றில் இரண்டு பங்கு பன்னிரண்டா பதின்மூன்றா என்ற வழக்கு அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் வரை சென்றது. இவ்வேற்பாடு அங்கு இராணுவ ஆட்சியையோ இனப்பூசலையோ தடுத்துவிடவில்லை. எனினும் பிரதேச வேறுபாட்டைத் தேர்தல் விதி கணக்கில் எடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. இலங்கையின் சனாதிபதி முறையோ வேறுபாட்டைக் கூட்டுத்தொகையுள் கரைத்துவிடுகின்றது.

ஆசனமும் அதிகாரமும்

இதுகாறும் கூறியவற்றால், நல்லதோர் அளவையும் தக்க எல்லையையும் கண்டறிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று கொள்ளுதல் தவறாகும். ஆசனம் பெறுதல் வேறு. அதிகாரத்திற் பங்கு பெறுதல் வேறு. 1936 இல் அரசாங்க சபையிற் தமிழ் உறுப்பினர் இருந்தனர்; அமைச்சர் சபை முற்றிலும் சிங்களவராலேயே அமைந்தது. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி தொகுதி முறையின் முழுப் பயனையும் பெற்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது. 1982 டிசம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்கான சர்வசன வாக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் எதிராக வாக்களித்தனர். நாடளாவிய கூட்டுத்தொகை அதனை மேவியது. 1983 ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் நிறைவேற, சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தனர். பதினெட்டு ஆசனங்கள் தந்த பலம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளிற் கரைந்துபோயிற்று. அதற்குத் தேர்தற் சூத்திரம் காரணமன்று. நிலையான பெரும்பான்மைக்கு எதிரே எந்த எண்ணிக்கையும் சிறுபான்மை எண்ணிக்கையே.

எனவே பிரதேச வேறுபாடு மிக்க நாட்டில் தேர்தல் முறை பற்றிய சிந்தனை, அதிகாரப் பகிர்வு பற்றிய சிந்தனையின் ஓர் அங்கமாக அமைதல் வேண்டும். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணசபைகளை உருவாக்கியது. அவற்றுக்கான தேர்தல் முறையை மாற்றும் சட்டம் 2017 இல் நிறைவேறியது. அதன்கீழ் வரையப்பட்ட எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறைக்கு எல்லைகளும் இல்லை என்ற நிலையில், 2018 ஒக்டோபரில் வட மாகாணசபையின் காலம் முடிவுற்றபின் ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக அம்மாகாண மக்களுக்குத் தெரிவு செய்யப்பட்ட சபை இல்லாதொழிந்தது. தேர்தல் முறையைச் செம்மையாக்குதல் என்ற பெயரால் தேர்தலே நிகழாது போயிற்று.

இவற்றின் அடிப்படையில் மூன்று கருத்துக்களை முன்வைக்கலாம். முதலாவது, கலந்து வாழும் பிரதேசங்களிற் பல்லங்கத்தவர் தொகுதிகள் ஆற்றிய பணியை விகிதாசார முறை முழுமையாக ஆற்றவில்லையாதலின், எதிர்காலச் சீர்திருத்தம் எதுவும் அவற்றைப் புறக்கணித்தல் ஆகாது. இரண்டாவது, ஆசனப் பங்கீடு வாக்காளர் தொகையை மட்டும் அளவாகக் கொள்ளும்வரை, போரும் இடப்பெயர்வும் கண்ட பிரதேசங்கள் தொடர்ந்து தேயும். நிலப்பரப்புக்கும் குடிசனத் தொகைக்கும் உரிய இடம் மீள அளிக்கப்படல் வேண்டும். அவ்வாறு அளிக்கும்போது, குடிசனத்தை எண்ணி அவர்தம் வாக்கை மறுத்த 1952 இன் அநீதி திரும்ப நிகழாதவாறு காத்தலும் வேண்டும். மூன்றாவது, திரண்டு வாழும் சமூகத்துக்கும் சிதறி வாழும் சமூகத்துக்கும் ஒரே முறை ஒரே பயனைத் தராது என்பதைத் தமிழ் பேசும் சமூகங்கள் தம்முள் முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். வடக்கின் நலனுக்காகத் தொகுதி முறையைக் கோருவோர் கண்டியிலும் பதுளையிலும் வாழ்வோர் அதனால் இழப்பதை எண்ணிப் பார்த்தல் தகும். வெட்டுப்புள்ளியைக் காக்க விழைவோர் யாழ்ப்பாணத்தின் தேய்வை எண்ணிப் பார்த்தல் தகும்.

மாவட்டந்தோறும் வாக்கும் ஆசனமும் எவ்வாறு ஒத்தும் முரணியும் வந்துள்ளன என்பது பற்றிய விரிவான ஆய்வுகள் தமிழில் மிக அருகியே காணப்படுகின்றன. அடுத்த சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழும்போது நிலப்படத்தையும் குடிசன மதிப்பையும் கையிற் கொண்டு அதில் ஈடுபடக்கூடிய ஆய்வாளர் எம்மிடையே இருத்தல் அவசியம். அதற்கான ஒரு தொடக்கமாகவே இக்கட்டுரை அமைகின்றது.